உண்ணிக் கடியை 28 நாள் மறக்காத செயலி: சுவிஸில் நான்கு கோடைகளின் அனுபவம்

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, கிண்டர்கார்டனின் காட்டு நாளுக்குப் போய்விட்டு வந்த என் ஆறு வயது மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அவனுடைய வலது முழங்காலின் பின்மடிப்பில் கசகசா அளவில் ஒரு கறுப்புப் புள்ளியைக் கண்டேன். மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து விரலால் தேய்த்தேன், போகவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் அந்தப் புள்ளிக்குக் கால்கள் இருப்பது தெரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டார். "எண்ணெய் விட்டால் தானாகக் கழன்று விழும் பிள்ளை, ஊரில் மாட்டுக்கும் நாய்க்கும் அப்படித்தானே செய்தோம்" என்றார். "வேண்டாம் அம்மா, இதற்கு எண்ணெய் விடக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மருந்தகத்தில் வாங்கி வைத்திருந்த சிறு கொக்கியை எடுத்து வந்தேன்.

அந்த மாலையில் எனக்கு உதவியவை இரண்டு. ஒன்று அந்தக் கொக்கி. மற்றது, கைத்தொலைபேசியில் நான்கு கோடைகளாக நான் வைத்திருக்கும் உண்ணிச் செயலி. ஜெர்மன் மொழியில் உண்ணிக்கு உரிய சொல்லான 'செக்கெ' என்பதே அதன் பெயர். சூரிச் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேடன்ஸ்வில் வளாகத்தில் உருவாக்கப்பட்டு, 2015 முதல் இலவசமாகக் கிடைக்கும் இந்தச் செயலியைப் பற்றி இங்கு வாழும் தமிழர்களான நம்மவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார்கள். நம் பிள்ளைகளோ மழையானாலும் வெயிலானாலும் வாரத்துக்கு ஒரு முறை காட்டுக்குப் போகிறார்கள். அதனால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செயலியின் முகப்பில் ஆபத்து வரைபடம், உண்ணியை அகற்றும் முறை, கடிக் குறிப்பேடு, நோய்களைப் பற்றிய விளக்கம் என்று சில பகுதிகள் உள்ளன. வரைபடத்தை நான் அதிகம் பார்ப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டருக்குக் கீழே, காடும் புல்லும் ஈரமும் சேர்ந்திருக்கும் எந்த இடத்திலும் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை உண்ணி இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு, இன்றைக்கு என்ன நிறம் காட்டுகிறது என்று பார்த்துப் பயணத்தை முடிவு செய்யவேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. வெப்பநிலை 7 பாகையைத் தாண்டினாலே இந்த உயிரி இயங்கத் தொடங்கிவிடுகிறது. நாம் குளிர்ச்சட்டையோடு நடக்கும் மார்ச் மாதத்து நாள்களிலும் அது புல் நுனியில் காத்திருக்கிறது. மரத்திலிருந்து தலையில் விழும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. உண்ணி புல்லிலும் பற்றையிலும் இடுப்பளவு உயரத்துக்குள் ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு இருக்கும். அந்தக் கால்களில் உள்ள ஒரு புலனுறுப்பால் நம் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் உணர்ந்து, உரசிப்போகும் ஆடையைப் பற்றிக்கொண்டு, மெல்லிய தோல் இருக்கும் இடத்தைத் தேடி மேலே ஊர்ந்து செல்லும். முழங்கால் மடிப்பு, தொடையிடுக்கு, அக்குள், பிள்ளைகளுக்குக் காதின் பின்புறமும் தலைமயிர் ஓரமும் அதற்குப் பிடித்த இடங்கள்.

செயலியின் உயிர் அந்தக் கடிக் குறிப்பேட்டில்தான் இருக்கிறது. அதைத் திறந்தால் ஒரு மனித உருவம் வரும். எந்த இடத்தில் கடித்ததோ அந்த இடத்தை விரலால் தொட்டுக் குறிக்கவேண்டும். எந்த நாள், எந்தப் பகுதியில் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்துப் பதிந்துவிட்டால், 5ஆம் நாளும் 10ஆம் நாளும் 28ஆம் நாளும் அதுவே நம்மை அழைத்து, கடித்த இடத்தைப் பார்க்கச் சொல்கிறது. கேட்பதற்கு மிகச் சாதாரணமாகத்தான் இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் உண்ணி பரப்பும் நோய்களின் இயல்பைப் புரிந்துகொண்ட பிறகு, இந்த மூன்று அழைப்புகளைவிடப் பயனுள்ள எதையும் ஒரு கைத்தொலைபேசி செய்துவிட முடியாது என்றே நினைக்கிறேன்.

சுவிஸில் உண்ணியால் வரும் நோய்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று லைம் நோய் எனப்படும் பொரேலியா நோய். மற்றது உண்ணி மூளையழற்சி. முன்னையதைப் பாக்டீரியா உண்டாக்குகிறது. பின்னையதை வைரஸ் உண்டாக்குகிறது. இந்த வேறுபாடு மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஒரு தாய் என்ன செய்யவேண்டும் என்பதையே இது தீர்மானிக்கிறது. மூளையழற்சி வைரஸ் உண்ணியின் உமிழ்நீரிலேயே இருப்பதால், கடித்த சில நிமிடங்களிலேயே உடலுக்குள் போய்விடக்கூடும். உண்ணியை எவ்வளவு விரைவாக அகற்றினாலும் அதைத் தடுக்கும் உறுதி இல்லை. நோய் வந்த பிறகு அதற்கென்று தனி மருந்தும் கிடையாது; வருமுன் காக்கும் தடுப்பூசி மட்டுமே உண்டு. பொரேலியா பாக்டீரியாவோ உண்ணியின் குடலில் தங்கியிருக்கிறது. உண்ணி இரத்தம் குடிக்கத் தொடங்கிய பிறகு அது உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரப் பல மணி நேரம் பிடிக்கிறது. எனவே அன்று மாலையே கண்டுபிடித்து அகற்றிவிட்டால் ஆபத்து மிகவும் குறைகிறது. இதற்குத் தடுப்பூசி இல்லை. நோய் வந்தால் குணமாக்கும் ஆன்டிபயாடிக் மருந்து இருக்கிறது. ஒன்றுக்கு ஊசி, மற்றொன்றுக்குக் கண் என்று என் மகனின் குழந்தை மருத்துவர் சொன்னதை நான் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த நாட்டில் பொரேலியா நோயால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்பது மத்திய பொதுச் சுகாதார அலுவலகத்தின் மதிப்பீடு. மூளையழற்சி அதனோடு ஒப்பிட்டால் அரிது. எனினும் 2020இல் பதிவான நோயாளர் எண்ணிக்கை 400ஐத் தாண்டியது. இந்தப் பாக்டீரியாவுக்குப் பெயர் தந்தவரும் சுவிஸ்காரர்தான். பாசல் நகரில் 1925இல் பிறந்து, அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள ஆய்வுகூடமொன்றில் உண்ணிகளை அறுத்து ஆராய்ந்துவந்த வில்லி புர்க்டோர்ஃபர், 1980களின் தொடக்கத்தில் உண்ணியின் குடலுக்குள் சுருள் வடிவப் பாக்டீரியாவைக் கண்டார். அதுவரை லைம் என்ற அமெரிக்கச் சிற்றூரின் பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் வருவதற்கான காரணம் புரியாமல் இருந்தது. அந்தக் கண்டுபிடிப்போடு விடை கிடைத்தது. உண்ணியைப் பற்றி எந்தச் சுவிஸ்காரரிடம் பேசினாலும் அவரிடம் ஒரு கதை இருக்கிறது. நம்மிடையே அந்தக் கதைகள் இல்லை என்பதுதான் என் கவலை.

5, 10, 28 என்ற கணக்குக்கு வருகிறேன். கடித்த முதல் ஓரிரு நாள்களில் அந்த இடத்தில் சிறிதாகச் சிவப்பதும் அரிப்பதும் எந்தப் பூச்சிக் கடிக்கும் இயல்பானவை. அவை தாமாகவே அடங்கிவிடும். பொரேலியா நோயின் அடையாளமான படரும் சிவப்பு 3 நாள் முதல் 30 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் தோன்றலாம். அது வலிக்காது, பெரும்பாலும் அரிக்கவும் செய்யாது. நாளுக்கு நாள் அகன்றுகொண்டே போகும். சிலருக்கு நடுவில் வெளிறி வளையம்போல் ஆகும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. மூளையழற்சியின் முதல் கட்டம் ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சல், தலையிடி, உடம்பு உளைவு என்று வந்து, சில நாள்களில் மறைந்துவிடுகிறது. அதன் பிறகு சிறிது காலம் எந்தக் குறியும் இருக்காது. சிறு பங்கினருக்கு மட்டும் இரண்டாம் கட்டமாகக் கடுந்தலையிடியும் கழுத்து விறைப்பும் தள்ளாட்டமும் வருகின்றன. வலியில்லாத ஒரு கடி, மறந்துபோன பிறகு தோன்றும் ஒரு தடம், வந்து மறைந்து மீண்டும் வரும் ஒரு காய்ச்சல் என்று எல்லாமே நம் மறதிக்குள் ஒளிந்துகொள்ளும் தன்மை உடையவை. ஆகவே நினைவூட்டும் ஒரு கருவியை நான் வெறும் வசதியாகக் கருதவில்லை. அதைத் தடுப்பு மருந்துக்கு அடுத்த நிலையில் வைக்கிறேன்.

இங்கே நம்மவர்களுக்கு மட்டுமே உரிய ஒன்றைச் சொல்லவேண்டும். மருந்தகங்களிலும் மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளிலும் நான் எடுத்துப் பார்த்த துண்டுப்பிரசுரங்கள் அனைத்திலும் அந்தச் சிவப்புத் தடம் வெள்ளைத் தோலில்தான் காட்டப்பட்டிருந்தது. பால் போன்ற தோலில் ரோஜா நிற வளையம். நம்முடைய மாநிறத் தோலிலும் கருமையான தோலிலும் அது அப்படித் தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிடச் சற்றுக் கருத்தோ, ஊதாச் சாயலோடோ, அடிபட்டுக் கன்றிய இடம் போலவோ தோன்றக்கூடும். சிவப்பைத் தேடுகிறவர் அதைக் கண்டுபிடிக்கமாட்டார். என் சிறிய தாயாரின் மகளுடைய கணவர், உணவகச் சமையலறையில் வேலை செய்பவர், நகருக்கு வெளியே குடும்பத் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்துப் பயிற்றங்காயும் பூசணியும் வளர்க்கிறார். அவருடைய தொடையில் வந்த கருந்தடத்தைச் சமையலறை மேசையில் இடித்துக்கொண்டதாகவே அவர் நினைத்திருந்தார். முதலில் காட்டிய மருத்துவரும் கன்றல் என்றே சொல்லி, பூசும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார். மூன்றாவது வாரத்தில் அது விரித்த உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. இன்னொரு மருத்துவர்தான் விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, விளிம்பைப் பேனாவால் கோடிட்டு, மறுநாள் வரச் சொல்லி, கோட்டைத் தாண்டி அது வளர்ந்திருப்பதைக் கண்டு நோயை உறுதிசெய்தார். இரத்தப் பரிசோதனை எதையும் காட்டவில்லை. நோயின் தொடக்கத்தில் அந்தப் பரிசோதனை தேடும் எதிர்ப்புரதம் உண்டாகியிருக்காது, இந்தத் தடத்தைக் கண்ணால் பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்று அவர் விளக்கினார். 10 நாள் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எடுத்ததில் மச்சானுக்கு முழுமையாகக் குணமாகிவிட்டது.

அந்தப் பேனாக் கோட்டை நான் என் வழக்கமாக்கிக்கொண்டேன். மகனின் முழங்கால் மடிப்பில் உண்ணியை அகற்றிய அன்றே கடித்த இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுப் படமும் எடுத்துவைத்தேன். குளித்தால் கோடு அழியும், மறுபடியும் போட்டேன். செயலி அழைத்த ஒவ்வொரு முறையும் அதே சாளரத்தின் அருகில், அதே பகல் வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்தேன். தோலின் நிறம் நம்மை ஏமாற்றலாம். ஆனால் தடத்தின் அளவு ஏமாற்றாது. கடித்த இடத்தில் எந்த நிறத்திலாவது 5 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு தடம் படர்ந்தால் உடனே மருத்துவரிடம் போகவேண்டும் என்று அம்மாவுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். செயலி தமிழில் இல்லை. அதனால் நாங்கள் பார்க்கவேண்டியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஜெர்மன் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள் பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வீடுகளில் இந்த ஏற்பாடு கட்டாயம் தேவை.

உண்ணியை அகற்றும் கருவிகளைப் பொறுத்தவரை, கொக்கி, அட்டை, கூர்முனை இடுக்கி ஆகிய மூன்றையும் நான் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். மூன்றுமே சில பிராங்குகளுக்குள் கிடைக்கின்றன. வங்கி அட்டை அளவில், ஓரத்தில் வெட்டு விட்டிருக்கும் அந்த அட்டை பணப்பையில் வைத்துக்கொள்ள வசதியானது. தட்டையான இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் முழங்கால் மடிப்பிலும் காதின் பின்புறத்திலும் அது படிந்து உட்காருவதில்லை. அத்துடன் கசகசா அளவுள்ள இளம் உண்ணி அதன் வெட்டுக்குள் சிக்காமல் நழுவிவிடுகிறது. கொக்கியைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் நகர்த்தி, உண்ணி அதன் பிளவுக்குள் வந்ததும் மெல்லத் திருகினால் தானாகப் பிடி விடுகிறது. என் மகன் அழக்கூட இல்லை. இடுக்கி இருந்தால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக மேலே இழுக்கவேண்டும். வயிற்றைப் பிடித்து நசுக்கிவிடக்கூடாது. வாயின் ஒரு துணுக்குத் தோலுக்குள் தங்கிவிட்டால் பதறவேண்டியதில்லை. அது முள் போலச் சில நாளில் வெளியே வந்துவிடும். எண்ணெய், நகப்பூச்சு, தீக்குச்சி எதையும் அருகில் கொண்டுபோகக்கூடாது. மூச்சுத் திணறும் உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் கக்கிவிடக்கூடும் என்பதே காரணம். மூன்றில் ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால் கொக்கியை வாங்குங்கள். பெரியது ஒன்றும் சிறியது ஒன்றுமாகச் சேர்ந்து வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

பிடுங்கிய உண்ணியில் பொரேலியா இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சோதனைப் பெட்டி ஒன்றையும் பதற்றத்தில் ஒரு முறை வாங்கினேன். அந்தப் பணம் வீண் என்பது என் தெளிவான முடிவு. உண்ணியில் பாக்டீரியா இருந்தாலும் அது நமக்குத் தொற்றியிருக்கவேண்டும் என்பதில்லை. இல்லை என்று காட்டினாலோ, நாம் காணாத வேறொரு உண்ணி கடித்திருக்கக்கூடும். இரண்டு விடைகளில் எது வந்தாலும் நாம் செய்யவேண்டியது கடித்த இடத்தைக் கவனிப்பதுதான். மருத்துவர்களும் இதைப் பரிந்துரைப்பதில்லை.

தடுப்பூசியைப் பற்றி நம்மிடையே நிலவும் குழப்பம் பெரிது. ஊசி போட்டால் உண்ணியே கடிக்காது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று காட்டுக்குப் போய்வந்த பிள்ளையைப் பார்க்காமல் விடுபவர்களும் இருக்கிறார்கள். இந்த ஊசி மூளையழற்சியை மட்டுமே தடுக்கும். 2019இல் ஜெனீவா, திச்சினோ ஆகிய இரண்டு மாநிலங்கள் நீங்கலாக நாடு முழுவதும் ஆபத்துப் பகுதியாக அறிவிக்கப்பட்டபோதே எங்கள் வீட்டில் எல்லோரும் போட்டிருக்கவேண்டும்; நான் தாமதித்துவிட்டேன். என்னுடைய மூன்று ஊசிகளையும் வீட்டுக்கு அருகில் உள்ள மருந்தகத்திலேயே போட்டுக்கொண்டேன். பல மாநிலங்களில் 16 வயதுக்கு மேற்பட்ட, உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் மருத்துவரின் சீட்டு இல்லாமலே மருந்தகத்தில் இதைப் போட்டுக்கொள்ளலாம். பயிற்சி பெற்ற மருந்தாளர் தனி அறைக்கு அழைத்துச் சென்று, ஒவ்வாமை, கர்ப்பம், ஏற்கெனவே எடுக்கும் மருந்துகள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஊசி போட்ட பிறகு சிறிது நேரம் இருக்கச் சொன்னார். அவசரமில்லாமல், நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொன்ன அந்தச் சேவை எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது. முதல் ஊசியைப் பெப்ரவரியில் போட்டால் இரண்டாவது ஒன்றிரண்டு மாதத்தில் வரும். உண்ணிக் காலம் உச்சத்துக்குப் போகுமுன் பாதுகாப்புக் கிடைத்துவிடும். மூன்றாவது ஊசியோடு தொடர் முடிகிறது. அதன் பிறகு இந்த நாட்டின் பரிந்துரைப்படி 10 ஆண்டுக்கு ஒரு முறை போதும். பிள்ளைகளைக் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். வயதானவர்களுக்கு இந்த நோய் கடுமையாக வருவதால் 68 வயதான அம்மாவுக்குக் குடும்ப மருத்துவரே போட்டார். ஆபத்துப் பகுதியில் வாழ்பவர்களுக்கு மருத்துவரிடம் போடும் ஊசியின் செலவை அடிப்படை மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. நம் பங்குத் தொகை மட்டும் கழியும். மருந்தகத்தில் போடுவதாக இருந்தால் அந்தச் செலவு ஏற்கப்படுமா என்பதை முன்கூட்டியே காப்புறுதியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

காப்புறுதி என்றதும் பலருக்குத் தெரியாத இன்னொன்று. சுவிஸ் சட்டத்தின்படி உண்ணிக் கடி ஒரு விபத்து. 1996இல் உச்ச நிலைக் காப்புறுதி நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது. அதனால் ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணி நேரமாவது வேலை செய்பவர், ஓய்வு நாளில் தோட்டத்திலோ காட்டிலோ உண்ணி கடித்து நோயுற்றாலும், முதலாளி வழியாக உள்ள விபத்துக் காப்புறுதி சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அதில் நாம் முதலில் கையிலிருந்து கட்டவேண்டிய கழிவுத் தொகையும் கிடையாது. உணவகங்களிலும் துப்புரவுப் பணியிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்யும் நம்மவர்களில் எத்தனை பேர் இதை அறியாமல் தங்கள் மருத்துவக் காப்புறுதியின் கழிவுத் தொகையிலிருந்து செலவு செய்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் வருந்துகிறது. மச்சான் விபத்துப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, விபத்து நிகழ்ந்த நாள், இடம் என்ற இரண்டு கட்டங்களுக்கு முன்னால் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தார். எந்த நாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தோட்டத்துக்கு அவர் வாரத்தில் மூன்று நாள் போகிறார். இப்போது அவருடைய கைத்தொலைபேசியிலும் அந்தச் செயலி இருக்கிறது. குறிப்பேட்டில் பதிந்த நாளும் இடமும் அந்தக் கட்டங்களுக்கு நேரான விடையாகும்.

இவ்வளவு நன்மை இருந்தும் இந்தச் செயலியின் எல்லை உண்ணியோடு முடிந்துவிடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். கோடையில் தெற்கே திச்சினோவுக்குப் போகிற குடும்பங்களுக்கு வேறு இரண்டு பூச்சிகளும் முக்கியமானவை. புலி நுளம்பு 2003இல் இத்தாலியிலிருந்து நெடுஞ்சாலை வழியாக அங்கே வந்து சேர்ந்தது. உடம்பில் கறுப்பும் வெள்ளையுமாக வரி, முதுகின் நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கோடு, பகலிலேயே கடிக்கும் பழக்கம் ஆகியவை அதன் அடையாளங்கள். டெங்கு, சிக்குன்குனியா வைரஸ்களைச் சுமக்கக்கூடிய நுளம்பு அது. 2007இல் இத்தாலியின் ரவென்னா மாவட்டத்துச் சிற்றூர்களில் 200க்கு மேற்பட்டோருக்குச் சிக்குன்குனியா பரவியதற்கு, இந்தியாவின் கேரளத்திலிருந்து தொற்றோடு வந்த ஒரு பயணியும் அங்கே ஏற்கெனவே பெருகியிருந்த இந்த நுளம்புமே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஜூலை, ஓகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ போய்த் திரும்பும் நாம் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும். திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், எங்கிருந்து வந்தோம் என்பதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். காய்ச்சல் தணியும்வரை பகலிலும் நுளம்பு கடிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மணல் ஈயைப் பற்றிப் பேசுவோர் இங்கே மிகக் குறைவு. திச்சினோவில் அது இருக்கிறது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளம், வைக்கோல் நிறம், மயிர் மூடிய உடல், இருட்டியதும் ஓசையில்லாமல் தத்தித் தத்திப் பறக்கும் பழக்கம். சாதாரண நுளம்பு வலையின் கண்களுக்குள் அது புகுந்துவிடும். அதனால் இன்னும் நெருக்கமான வலை தேவை. நுளம்பைப் போலத் தண்ணீரில் முட்டையிடாமல் மண்ணிலும் சருகிலும் சுவர் இடுக்கிலும் இடுவதால், தண்ணீரைக் கொட்டுவதால் அது குறையாது. மத்தியதரைக் கடல் நாடுகளில் அது நாய்களுக்கு லீஷ்மேனியா நோயைப் பரப்புகிறது. அங்கிருந்து தத்தெடுக்கப்பட்டு இங்கே வரும் நாய்களுக்கு மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ தோல் உரிதலும் மெலிவுமாக நோய் வெளிப்படுவதைக் கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். தெற்கே நாயைக் கூட்டிப்போகிறவர்கள் மணல் ஈயையும் விரட்டும் கழுத்துப்பட்டியைக் கேட்டு வாங்கவேண்டும். ஆனால் அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் என்ற மருந்து பூனைக்கு நஞ்சு. இரண்டையும் வளர்ப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வாங்கக்கூடாது. மனிதர்களுக்கு இகாரிடின் என்ற விரட்டி மருந்து 20 விழுக்காடு கலந்த தெளிப்பு உண்ணிக்கும் நுளம்புக்கும் சேர்த்துப் பயன்படுகிறது. நாங்கள் அதைத்தான் வைத்திருக்கிறோம். டீட் என்ற மற்றொரு விரட்டி மருந்தைப் போல நெகிழிப் பொருள்களைக் கெடுக்காது. பிள்ளைகளின் தோலிலும் எரிச்சல் உண்டாக்கவில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் அடிக்கவேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

நுளம்புக்கென்று தனியாக ஒரு சேவை இருக்கிறது. சுவிஸ் நுளம்பு வலையமைப்பின் இணையத்தளத்தில், சந்தேகத்துக்குரிய நுளம்பின் படத்தைக் கண்ட இடத்தோடு அனுப்பினால், அது எந்த இனம் என்று பார்த்து விடை தருகிறார்கள். கட்டணம் எதுவும் இல்லை. சென்ற செப்டம்பரில் எங்கள் பால்கனியில், அம்மாவின் கறிவேப்பிலைத் தொட்டிக்கு அருகில் வரிபோட்ட நுளம்பு ஒன்று செத்துக் கிடந்தது. வெள்ளைத் தாளில் வைத்து, அருகில் ஒரு நாணயத்தையும் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். அது புலி நுளம்பு அல்ல, 2008 முதல் இந்த நாட்டில் பரவியுள்ள ஜப்பானிய நுளம்பு என்று விடை வந்தது. அதை நான் வாசித்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா தொட்டியைத் தூக்கி, அடித்தட்டில் தேங்கியிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, தட்டைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, தண்ணீர் கொட்டும் நாளுக்கும் கைத்தொலைபேசியில் ஓர் அழைப்பு வைத்துத் தரச் சொன்னார். ஒவ்வொரு ஞாயிறு காலையும் பத்து மணிக்கு அது ஒலிக்கிறது.